ஆறு மணிப் பாட்டு

என் வீட்டுக்காரர் சிவபாதசுந்தரம் முப்பத்தாறு வருஷம் அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்து, தலைமைக் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். வரும்போது கந்தோரையும் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தையில் எங்கள் இரண்டு அறை பிளட்டுக்குள் வந்துவிட்டார். பால்மா ரின்னை உடைத்தால் உடைத்த திகதியை எழுதி அதில் ஒட்டவேண்டும். தண்ணீர் வரும் நேரமும் நிற்கும் நேரமும் ஒரு கொப்பியில் ஏறவேண்டும். மீன்காரன் கீழே நின்று கூப்பிட்டால், நான் சேலையைச் சரிசெய்து எழும்புவதற்குள் இவர் படியிறங்கிப் போய், மீனின் செவுளை விரித்துப் பார்த்து, அவனோடு சிங்களத்தில் சண்டை பிடித்து, மீன் வாங்காமலே மேலே வருவார். அன்றைக்கும் பருப்புத்தான். முப்பத்தொரு வருஷமாக இந்த மனிசனோடு குடும்பம் நடத்துகிறேன். எனக்குப் பிரஷர் வந்ததில் டொக்டருக்குத்தான் ஆச்சரியம், எனக்கு இல்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப்பற்றிக் கதைப்பதை எப்போதோ நிறுத்திவிட்டோம். ஆகையால் இந்த மனிசன் ஒரு குழந்தைக்குப் பாட்டுப் பாடினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிய வாய்ப்பில்லாமல் போயிற்று. தெரிந்துகொள்ள ஐம்பத்தாறு வயதுவரை காத்திருக்கவேண்டி வந்தது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசியில் இவருடைய தங்கையின் மகள் நேசமலர் கைக்குழந்தையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். யாழ்ப்பாணத்தைவிட்டுச் சனம் எல்லாம் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது அவளும் வெளிக்கிட்டவள். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்து, கிளாலியில் வள்ளம் ஏறி, வவுனியாவில் கொழும்புக்கு வர ஆமியின் பாஸுக்காக மூன்று கிழமை காத்திருந்து வந்திருந்தாள். அவளுடைய புருஷன் சிவபாலன், பிள்ளை அவள் வயிற்றில் நாலு மாதமாக இருக்கும்போதே கனடாவுக்குப் போய்விட்டான். ரொறன்ரோவில் ஒரு பேக்கரியில் இராவேலை. அவன் ஸ்பொன்சர் பண்ணிக் கடதாசிகள் சரிவரும் வரைக்கும் தாயும் பிள்ளையும் எங்களோடு இருக்கவேண்டும்.

பிள்ளைக்கு நிரோஜன் என்று பெயர். வந்தபோது ஆறு மாதம். கொழுத்த கன்னம், பொக்கை வாய், எதைக் கண்டாலும் சிரிப்பு. எங்கள் ஒழுங்கையின் முடிவில் ரயில் பாதை, இந்தப் பக்கம் காலி வீதி. இரண்டுக்கும் நடுவில் படுத்து அந்தப் பிள்ளை அசையாமல் தூங்கும். குக்கர் விசில் அடித்தாலும் தூங்கும். நான் கைதவறி இடியப்பத் தட்டுகளை அடுக்கோடு கீழே போட்டேன், அப்போதும் தூங்கியது.

இவருக்குப் பெருமை பிடிபடவில்லை. "செல் அடிக்குள்ள பிறந்த பிள்ளையப்பா! செல் விழேக்கையே கண் முழிக்காதவன், உம்மட இடியப்பத் தட்டுக்கா முழிப்பான்?" என்று என்னிடம் கேட்டார். பிறகு மேல்மாடிக்காரரிடம் சொன்னார், பலசரக்குக் கடையில் சொன்னார், கோயில் வாசலில் சொன்னார். கேட்டவர்கள் எல்லாரும் எங்கள் ஊர்ச்சனம்தான். "ஓம், ஓம், சத்தத்துக்குப் பழகின பிள்ளையள்" என்று அவர்களும் தலையாட்டினார்கள். குண்டுச் சத்தம் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன சனத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது. எனக்கும் பட்டது. அதை மறைப்பானேன்.

பங்குனியில் கனடாவில் இருந்து வந்த ஒருவர் சிவபாலன் கொடுத்ததாக ஒரு கசெற்றும் கடிதமும் தந்துவிட்டுப் போனார். கடிதத்தை நேசமலர் எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். "மகன் என்னைக் கண்டதில்லை. எயார்போட்டில் நான் தூக்கும்போது யாரோ என்று நினைத்து அலறினால் என்னால் தாங்க ஏலாது. என்ர குரலாவது அவனுக்குத் தெரிஞ்சிருக்கட்டும். ஒவ்வொரு நாளும் இதைப் போட்டுக் காட்டு" என்று எழுதியிருந்தான். கசெற்றில் அவனே கட்டிய ஒரு பாட்டு. நல்ல குரல் அவனுக்கு.

பாண் சுடுற அப்பா
பனி மிதிச்சு வாறார்
பொக்கை வாய்த் தம்பிக்குப்
பொத்திக்கொண்டு வாறார்.

இதைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கடிதம் சிவபாதசுந்தரத்தின் கையிலும் அகப்பட்டுவிட்டதே! அடுத்த நாள் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. தினமும் மாலை ஆறு மணிக்குக் குடும்பத்தார் அனைவரும் ஹோலில் கூடவேண்டும், கசெற்றோடு சேர்ந்து பாட்டை ஐந்து தரம் பாடவேண்டும், பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடியே பாடவேண்டும். வராதவர்கள் காரணம் சொல்லவேண்டும். கீழே கையெழுத்து, திகதி. வரவைப் பதிய ஒரு கொப்பியும் தயார்.

"குடும்பத்தார் எண்டு ஆரைச் சொல்லுறியள்? நானும் நீங்களும் மலரும்தானே?" என்று கேட்டேன்.

"மூண்டு பேர் எண்டாலும் ஒழுங்கு ஒழுங்குதான்" என்றார்.

அவருடைய பாட்டைப்பற்றிச் சொல்லவேண்டும். கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் வெளிக்கிடும்போது ஒரு சத்தம் வருமே, அதுதான் அவருடைய சுருதி. சிவபாலன் ஒரு பக்கம் போவான், இவர் இன்னொரு பக்கம் போவார். கடைசி வரியில் சிவபாலன் முடித்த பிறகும் இவர் "வாறார்ர்ர்" என்று இழுத்துக்கொண்டிருப்பார். அடுப்பில் கறி கிடக்க ஓடிவந்து நான் பாடவேண்டும். வெங்காயம் கருகிய நாட்களை எண்ணினால் அதற்கும் ஒரு கொப்பி வேண்டும். தலையிடி என்று ஒரு நாள் படுத்தேன். கொப்பியில் என் பெயருக்கு நேரே "சுகவீனம், ஆதாரம் இல்லை" என்று எழுதி வைத்திருந்தார்.

பக்கத்து பிளட் பைறோஸா முதல் கிழமை சுவரில் தட்டினாள். இரண்டாம் கிழமை நேரிலேயே வந்தாள். "கனகேஸ்வரியக்கா, ஒங்கட அவர் பாடுறாரா, யாருக்காச்சும் ஏசுறாரா?" என்று கேட்டாள். அவளையும் பிடித்து இருத்திப் பாடவைத்தார். மூன்றாம் மாதம் வீடு வீடாகச் செக்கிங் வந்த பொலிஸ்காரர்கள் பாட்டு நடுவில் கதவைத் தட்டினார்கள். இது என்ன சத்தம் என்று கேட்க, இவர் எழும்பி நின்று, "பபாட்ட சிந்து, மாத்தயா" என்று, அதாவது குழந்தைக்குப் பாட்டு ஐயா என்று, சிங்களத்தில் விறைப்பாகச் சொல்லி, ஐடென்ரிற்றி காட்டோடு வரவுக் கொப்பியையும் எடுத்து நீட்டினார். எனக்கு உயிர் போய் வந்தது. அந்தப் பொலிஸ்காரன் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, குழந்தையைப் பார்த்துக் கை தட்டினான். நிரோஜனும் கை தட்டினான்.

அதுதான் விஷயம். பிள்ளை அவ்வளவு சந்தோஷப்பட்டான். நாங்கள் வாயைத் திறந்ததும் துள்ளுவான், கை தட்டுவான், எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்ப்பான். என் மடியில் இருந்தால் நெளிந்து நெளிந்து இவருடைய மடிக்குப் போய்விடுவான். இவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்துக்கொண்டு நெஞ்சில் சாய்ந்தால் பாட்டு முடியும் வரை அசையமாட்டான். இவ்வளவு மோசமான குரலை விரும்புகிற பிள்ளைக்கு என்ன ரசனையோ என்று நான் புறுபுறுத்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் சிவபாலன் கேட்பான், என்ர குரலை மட்டுக்கட்டுகிறானா என்று. இவர் பதில் எழுதுவார்: "பாட்டுத் தொடங்கியதும் அடையாளம் காண்கிறான். முன்னேற்றம் திருப்தி."

அந்த வருஷம் மழை பொய்த்து, கரண்ட் வெட்டு வந்தது. ஆவணியில் ஒரு நாள் இவர் கொச்சிக்கடைக்குப் போய்த் திரும்பும்போது பஸ்ஸை மறித்துச் செக் பண்ணி, வீட்டுக்கு வர ஏழு மணியாகிவிட்டது. தன் பெயருக்கு நேரே தானே "தாமதம்" என்று எழுதிவிட்டு உட்கார்ந்தார். பிள்ளையைப் பாயில் இருத்திச் சுற்றிவர இருந்தோம். இரண்டாம் தரம் பாடும்போது கரண்ட் போனது. கசெற் இழுபட்டு நின்றது. ஹோல் கும்மிருட்டு.

"நிப்பாட்டாதேங்கோ! பாடுங்கோ!" என்றார் இவர். பாடினோம். அதே பாட்டு, அதே குரல்கள், ஒரு முழத் தூரம். நிரோஜன் வீரிட்டுக் கத்தினான். நாங்கள் இன்னும் சத்தமாகப் பாடினோம். அவன் இன்னும் கத்தினான், காட்டில் தனியே விட்டது போல. அந்த நேரம் பைறோஸா மெழுகுதிரியோடு கதவைத் திறந்துகொண்டு வந்தாள். நாங்கள் பாட்டை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தோம். பிள்ளை எங்கள் முகங்களைக் கண்டான். உடனே அழுகை நின்றது. துள்ளித் துள்ளிக் கை தட்டினான்.

அப்போது ஒருவரும் பாடவில்லை.

அடுத்த நாள் காலை இவர் பேப்பர் வாங்கப் போனதும் எவர்சில்வர் தட்டையும் அகப்பையையும் எடுத்துக்கொண்டு, பிள்ளைக்குப் பின்னால் போய் நின்று கையை ஓங்கினேன். நேசமலர் குசினி வாசலில் நின்றாள்.

"அடிக்காதேங்கோ மாமி. நான் அடிச்சுப் பாத்திட்டன்" என்றாள்.

"எப்ப?"

"வவுனியாவில. நாங்கள் இருந்த காம்புக்குப் பக்கத்தில ஏதோ வெடிச்சு எல்லாப் பிள்ளையளும் அலறுதுகள், இவன் சிரிச்சுக்கொண்டு இருக்கிறான். அப்ப நினைச்சனான். பிறகு ஆருமில்லாத நேரம் வாளியில அடிச்சுப் பாத்தன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அகப்பையால் அவளுக்கே போட்டிருப்பேன். "ஆறு மாசமா மூண்டு பேரும் தொண்டை கிழியப் பாடுறம், பாத்துக்கொண்டிருந்தனியே?" என்று கத்தினேன்.

"அவருக்குத் தெரிய வேண்டாம் மாமி. அவர் அந்தக் குரலை அனுப்பிப்போட்டு எவ்வளவு ஆசையா இருக்கிறார். தெரிஞ்சா உடைஞ்சுபோவார். அங்க போன பிறகு சொல்லுறன்" என்று அழுதாள். இருபத்துநாலு வயதுப் பெண், புருஷனையும் விட்டு, வீட்டையும் விட்டு, இந்தச் சுமையையும் தனியே தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். அவளைக் கட்டிப்பிடித்து நானும் அழுதேன். அதற்குப் பிறகும் கோபம் போகவில்லை.

இவரிடம் சொன்னபோது நான் எதிர்பார்த்த மாதிரித்தான் நடந்தது. "விசர்க்கதை கதையாதையும்! பாட்டுக்குத் துள்ளுற பிள்ளைக்குக் காது கேளாதோ?" என்று பாய்ந்தார். வரவுக் கொப்பியைத் திறந்து ஆறு மாதத்துப் பதிவுகளை எனக்கு வாசித்துக் காட்டினார். பிள்ளைக்கு ஒரு வயது தாண்டியும் ஒரு சொல் வரவில்லை என்றேன். ஆம்பிளைப் பிள்ளைகள் சுணங்கித்தான் கதைக்கும் என்றார். தலையை எங்கே கொண்டுபோய் முட்டுவது என்று தெரியாமல் குசினிக்குள் போய்விட்டேன்.

பின்னேரம் தேத்தண்ணியோடு வந்து பார்த்தேன். நிரோஜன் தரையில் ஒரு மூடியை உருட்டி விளையாடுகிறான். இவர் அவனுக்குப் பின்னால், கதவோரம் முழங்காலில் இருக்கிறார். "நிரோ" என்றார். பிறகு கொஞ்சம் சத்தமாக, "நிரோ." பிறகு அந்தக் கப்பல் குரலில், கட்டடமே அதிர, "நிரோ!" பிள்ளை மூடியை உருட்டிக்கொண்டே இருந்தான். நான் தேத்தண்ணியை அப்படியே திருப்பிக் கொண்டுபோனேன். அன்றைக்கு ஆறு மணிக்கு அவர் எங்களைக் கூப்பிடவில்லை.

காது டொக்டர் சோதித்துவிட்டு, இரண்டு காதும் கேட்காது, பிறவியிலேயே அப்படி என்றார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெரிய குரலில் பாடினால் அந்த அதிர்வு மட்டும் உடம்பில் தெரியக்கூடும் என்றும் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது கொண்டக்டர் மீதிச் சில்லறை தராமல் போனதைக்கூட இவர் கவனிக்கவில்லை. எனக்கு அதுதான் மிகவும் பயமாக இருந்தது.

சிவபாலன் ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் ஐந்து மணிக்கு, தன் வேலை முடிந்ததும், காலி வீதியில் மஹ்ரூப்பின் கொமினிக்கேஷன் என்ற ரெலிபோன் கடைக்குக் கோல் எடுப்பான். அந்த ஞாயிறு நாலு பேரும் போனோம். சொல்லக்கூடாது என்று நேசமலர் என்னிடம் சத்தியம் கேட்டாள். நான் சத்தியம் பண்ணவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு கதைத்தாள். நாங்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றோம். வரிசையில் ஏழெட்டுச் சனம். "ஓம், வைக்கிறன், பாடுங்கோ" என்று அவள் ரிசீவரைப் பிள்ளையின் காதில் வைத்தாள். அந்தப் பாட்டு மெல்லிய சத்தமாக எனக்கும் கேட்டது. நித்திரை இல்லாத மனிசன், மாவும் புகையும் குடித்த தொண்டையோடு, எத்தனையோ ஆயிரம் மைலுக்கு அப்பால் நின்று பாடுகிறான். நிரோஜன் ரிசீவரின் நுனியைக் கடிக்கப் பார்த்தான்.

நேசமலர் ரிசீவரை எடுத்து, "சிரிக்கிறானப்பா. உங்களை நல்லா மட்டுக்கட்டுறான்" என்றாள். அந்தப் பக்கம் அவன் மறுபடியும் பாடத் தொடங்கினான்.

என்னால் பொறுக்கமுடியவில்லை. இந்த வீட்டில் எல்லாரும் எல்லாருக்கும் பொய் சொல்லிக்கொண்டு, ஒரு குழந்தையை நடுவில் வைத்து எவ்வளவு காலத்துக்குப் பாடிக்கொண்டிருப்பது? அவள் கையில் இருந்து ரிசீவரைப் பறித்தேன்.

"தம்பி, நான் மாமி கதைக்கிறன். பிள்ளைக்குக் காது கேக்காது. ரெண்டு காதும். டொக்டர் சோதிச்சுச் சொல்லிப்போட்டார். அவள் பயத்தில மறைக்கிறாள், அவளை ஏசாதேங்கோ."

நேசமலர் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணாடியில் சாய்ந்தாள். லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அப்ப என்ர பாட்டு?" என்றான்.

அவன் அழுவது கேட்டது. சொல்லியிருக்கக்கூடாதோ என்று முதல்முறையாக எனக்குப் பட்டது. இவர் என் கையில் இருந்து ரிசீவரை வாங்கினார். இத்தனை பேர் முன்னால் என்னை ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

இவர் நிரோஜனைத் தூக்கினார். சேட்டின் மேல் இரண்டு பொத்தான்களைக் கழற்றி, பிள்ளையின் கன்னமும் ஒரு கையும் தன் வெறும் நெஞ்சில் படும்படி அணைத்தார். ரிசீவரைத் தன் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார்.

"தம்பி, அழாதையும். நீர் ஒரு வரி பாடும். நான் அதை இஞ்சை பாடுறன். நெஞ்சால அவனுக்குக் கொஞ்சம் விளங்குமாம்."

அவன் என்ன பாடினான் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. இவர் கண்ணை மூடிக் காத்திருந்தார். பிறகு, "பாண் சுடுற அப்பா" என்று அந்தக் கடைக்குள்ளே முழுக்குரலில் பாடினார். மஹ்ரூப் கதிரையைவிட்டு எழும்பிவிட்டார். வரிசையில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. இவர் நிறுத்தி, கேட்டு, அடுத்த வரியைப் பாடினார். நிறுத்தி, கேட்டு, அடுத்த வரி. வழக்கமாக என்றால் வெட்கத்தில் நான் வீதிக்குப் போயிருப்பேன். அன்றைக்கு நான் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று அழுதேன்.

பாட்டு முடிந்தது. அந்தப் பக்கம் சிவபாலன் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டிருக்கவேண்டும். இவர் தலையைக் குனிந்து பிள்ளையைப் பார்த்தார். ஆறு மாதம் "முன்னேற்றம் திருப்தி" என்று எழுதிய மனிசன், பிள்ளையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

"தெரியேல்லைத் தம்பி. ஆனா நெஞ்சில வைச்ச கையை இன்னும் எடுக்கேல்லை."